நான்காம் மேசையின் பொத்தான்

பாடசாலைகளுக்கு இடையிலான பொது அறிவுப் போட்டிக்கு ஒரு பெட்டி செய்து தரமுடியுமா என்று போட்டிக் கமிட்டி என்னிடம் கேட்டபோது, நான் புத்தளத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இலத்திரனியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் அகதிக் குடியிருப்பில் பாதிப் பேர் மன்னாருக்குத் திரும்பிப் போவதா இருப்பதா என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் கூடுதலாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கிலிருந்து முஸ்லிம்களை ஒரேயடியாக வெளியேற்றிய வருடம், நான் நாலு வயதில் உம்மாவின் மடியில் இருந்தபடி தோணியில் கற்பிட்டிக்கு வந்தவள். எனக்கு மன்னார் நினைவில்லை. புத்தளத்திலோ என்னை யாரும் ஊர்க்காரி என்று சொன்னதில்லை. கரைத்தீவுப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போவேன், பின்னேரம் திரும்புவேன். இரண்டு இடத்திலும் என்னை 'அங்கே' இருப்பவளாகத்தான் நினைத்தார்கள்.

பெட்டியின் வேலை சின்னது. நாலு மேசை, ஒவ்வொரு மேசையிலும் ஒரு பொத்தான். கேள்வி கேட்டதும் யார் முதலில் அமத்துகிறார்களோ அவர்களுடைய விளக்கு எரியவேண்டும். மற்ற மூன்றும் எரியக்கூடாது. அவ்வளவுதான். அதை இரண்டு விதமாகச் செய்யலாம்.

ஒன்று, கடிகாரம் இல்லாத விதம். பொத்தானை அமத்திய கணமே ஒரு சுவிட்ச் விழும். விழும்போதே மற்ற மூன்று பேருடைய வழியையும் வெட்டிவிடும். அங்கே காத்திருப்பு என்று ஒன்றுமில்லை. எது முதலில் நடந்ததோ அது தன்னாலேயே அடுத்ததை மறிக்கும்.

மற்றது, கடிகாரம் உள்ள விதம். உள்ளே ஒரு சிப் இருக்கும். அது ஒரு துடிப்புக்கு ஒரு தடவை கண் திறந்து நாலு பொத்தானையும் பார்க்கும். பார்த்ததை வைத்து முடிவெடுக்கும். இரண்டு துடிப்புக்கு இடையில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. இன்றைக்கு உலகத்தில் இருக்கிற கணினி, கைத்தொலைபேசி எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் ஓடுகின்றன. துடிப்பு போதிய வேகமாக இருந்தால் ஒரு குறையும் இல்லை.

முதலில் நான் சொன்னது ரிலே வைத்துச் செய்வோம் என்றுதான். ரிலே என்பது மின்சாரம் வந்தால் காந்தமாகி ஒரு தகட்டை இழுத்துக்கொள்ளும் பழைய வகைச் சுவிட்ச். எங்கள் நிலையத்தில் என்னோடு படிப்பித்த ஒருவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சிரித்துவிட்டார்.

"டக்கு டக்கெண்டு அடிக்கிற பெட்டியா? பிரதம அதிதியெல்லாம் வாறாங்க தங்கச்சி. சிப் ஒண்டப் போட்டு நீட்டாச் செய்ங்க. செக்கனும் காட்டணும் எண்டு கமிட்டில கேக்கிறாங்க. பத்து, ஒம்பது, எட்டு எண்டு எறங்கி வரணும். பீப் சத்தமும் வேணுமாம்."

எனக்கும் ஆசைதான். முகாமில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவள் என்ன செய்வாள் என்று அவர்கள் பார்க்கட்டும் என்ற ஆசை. சிவப்பு இலக்கம் ஓடுகிற, கறுப்பு மூடி போட்ட, ஒரு கீறல் இல்லாத பெட்டி. இரண்டு கிழமை, பதினான்கு நாளும், வேலை செய்தேன். புரோகிராமை நானே எழுதினேன். கேபிள்களை நானா இழுத்துத் தந்தார். அவசரம் என்னுடையது. செக்கன் காட்டுகிற பகுதியையும் பீப் அடிக்கிற பகுதியையும் கடைசி நாளில்தான் சேர்த்தேன். மேசையில் வைத்து ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாம் சரியாக எரிந்தன.

ஒவ்வொன்றாகத்தான் அமத்திப் பார்த்தேன். இரண்டை ஒன்றாக அமத்திப் பார்க்கவில்லை. எழுதும்போது இப்போதும் இந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

போட்டி நாளன்று மண்டபம் நிறைந்துவிட்டது. எந்தப் பாடசாலைக்கு எந்த மேசை என்று சீட்டுப் போட்டு எடுத்தார்கள். முதலாம் மேசை டவுனிலுள்ள ஒரு பழைய பாடசாலைக்கு விழுந்தது. நான்காம் மேசை எங்கள் குடியிருப்புப் பக்கத்துப் பாடசாலைக்கு. அங்கே பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு மெலிந்த பிள்ளை இருந்தாள். பதினாறு வயது இருக்கும். வெள்ளைப் பர்தாவின் விளிம்பை அடிக்கடி காதோரம் இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். கேள்வி வாசிக்கும்போது மட்டும் கை அசையாது பொத்தானுக்கு மேலே நிற்கும்.

மத்தியஸ்தராக இருந்தவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். டவுனில் அவருக்கு எல்லாரிடமும் மதிப்பு. குரல் உயர்த்தமாட்டார். கேள்வியை ஒரு தடவைதான் வாசிப்பார்.

கடைசிச் சுற்றில் முதலாம் மேசையும் நான்காம் மேசையும் சரிசமம். ஒரு கேள்விதான் பாக்கி. யார் முதலில் அமத்திச் சரியான விடை சொல்கிறார்களோ அவர்களுக்கே கிண்ணம். மின்விசிறிகள் சுழல்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ஒளியாண்டு என்பது எதனை அளக்கும் அலகு?"

நான் மேடைக்குப் பக்கவாட்டில், பெட்டியின் பின்னால் நின்றேன். அங்கிருந்து நான்காம் மேசை நேராகத் தெரியும். அந்தப் பிள்ளையின் கை இறங்கியதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். முதலாம் மேசையை என்னால் பார்க்கமுடியவில்லை. நடுவில் பூச்சாடி. பெட்டியில் விளக்கு எரிந்தது. ஒன்று.

"முதலாம் மேசை" என்றார் மத்தியஸ்தர்.

"தூரம்" என்றான் அந்த மேசைப் பையன்.

கைதட்டல் எழுந்தது. அதற்குள்ளேயே பின் வரிசைகளில் ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. எங்கள் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த உம்மாமார், வாப்பாமார். ஒருவர் எழுந்தே நின்று சொன்னார்: "அந்தப் புள்ளதான் முந்தி அமத்தினது. நாங்க கண்ணால கண்ட." அவரை இருத்துவதற்கு இரண்டு பேர் வந்தார்கள். மத்தியஸ்தர் என் பக்கம் திரும்பினார். கேட்கவில்லை, பார்த்தார் அவ்வளவுதான். நான் பெட்டியைக் காட்டினேன். ஒன்றாம் இலக்கம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"பெட்டி பொய் சொல்லாது" என்று நானா ஒலிவாங்கி இல்லாமலே உரக்கச் சொன்னார். மண்டபம் அடங்கியது. நான்காம் மேசைப் பிள்ளை பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். வீட்டு வாசலில் உம்மாவும், நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரியும் நின்றார்கள். செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது.

"உன்ட பெட்டிதானே?" என்றார் ராத்தா. "நம்மட புள்ளையளுக்கு இப்படிச் செஞ்சு போட்டுதே."

"அதுக்கு ஊராள், அகதி எண்டெல்லாம் தெரியாது ராத்தா" என்றேன். "ஆர் முந்தி அமத்தினாங்களோ அவங்கட லைட்டுத்தான் பத்தும்."

நல்ல வசனம். சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த சில நாட்களில் அதையே நாலைந்து பேரிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தக் கை இறங்குவது கண்ணுக்குள் வரும். வந்ததும் வேறு ஏதாவது கதைக்கத் தொடங்குவேன்.

பெட்டியை நிலையத்தில் என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திறக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் அப்படியே போனது. அந்த இரண்டு மாதமும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வகுப்பில் கதிரையில் உட்காரமாட்டேன், நடந்துகொண்டே படிப்பிப்பேன். பஸ்ஸில் இருக்கை கிடைத்தாலும் இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். வீட்டில் அரிசி களைந்து கொண்டிருக்கும்போது இடையில் விட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்பேன். உப்புநீர்க் களப்பிலிருந்து காற்று நிற்காமல் அடிக்கிற மாதம். ஓலைகள் ஓயாமல் சரசரக்கும். "உனக்கு என்ன புடிச்சிருக்கு?" என்று உம்மா கேட்டார். வேலை கூடுதல் என்றேன்.

ஒரு நாள் காலை வகுப்பில் கடிகாரத் துடிப்பைப் பற்றிய பாடம். பாடநூலில் கடிகாரம் உள்ளது ஒத்தியங்கும் சுற்று, இல்லாதது ஒத்தியங்காச் சுற்று என்று இருக்கும். கரும்பலகையில் துடிப்புகளை வரைந்தேன். ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. இரண்டு ஏற்றங்களுக்கு நடுவில் ஒரு அம்புக்குறி போட்டேன், இங்கே ஒரு சமிக்ஞை வருகிறது என்று வையுங்கள். அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு அம்புக்குறி, இங்கே இன்னொன்று. இரண்டும் ஒரே இடைவெளிக்குள். "அடுத்த துடிப்பில் சிப் பார்க்கும்போது என்ன தெரியும்?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். பின் வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்: "ரெண்டும் ஒண்டா வந்த மாதிரித் தெரியும் மிஸ்."

சோக் கட்டியை வைத்துவிட்டேன். மிச்சத்தை நாளைக்குப் படிப்போம் என்று சொல்லி வகுப்பை விட்டேன்.

அன்று மதிய இடைவேளையில் அலுமாரியைத் திறந்தேன். புரோகிராமைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி நாளில் அவசரமாகச் சேர்த்த செக்கன் காட்டும் பகுதியும் பீப் பகுதியும் சிப்பின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. அது அந்த வேலைகளை முடித்துவிட்டுத் திரும்பிப் பொத்தான்களைப் பார்க்க, ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு ஆகியது. அந்த நேரம் முழுக்க அதற்குக் கண் இல்லை. அந்த இடைவெளிக்குள் இரண்டு பேர் அமத்தினால், கண் திறக்கும்போது இரண்டு பேரும் அமத்தியிருப்பதுதான் தெரியும். அப்போது யாரைத் தெரிவுசெய்வது? நான் எழுதியபடி தெரிவுசெய்யும். நான் எழுதியிருந்தது இதுதான்: முதலாம் பொத்தான் அமத்தப்பட்டிருந்தால் முதலாம் விளக்கு. இல்லாவிட்டால் இரண்டாம் பொத்தானைப் பார். இல்லாவிட்டால் மூன்றாம். எல்லாம் இல்லாவிட்டால்தான் நான்காம்.

நான்காம் மேசைப் பிள்ளை முந்தி அமத்தியிருக்கலாம். முதலாம் மேசைப் பையன் அவளுக்குப் பின்னால், ஆனால் அதே இடைவெளிக்குள் அமத்தியிருந்தால், பெட்டி அவனுக்குத்தான் கொடுத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கொடுத்திருக்கும்.

நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசையில் பாணும் சம்பலும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரை கேட்டார். அவருக்கு விளங்காமல் இல்லை, அவரும் இதையே படிப்பிக்கிறவர்.

"பத்துல ஒரு செக்கன்" என்றார். "கண்ண மூடித் தெறக்கிற நேரம். இத இதோட விடுங்க தங்கச்சி."

"எப்படி நானா விடுறது?"

"நீங்க போய்ச் சொன்னா என்ன சொல்லுவாங்க எண்டு யோசிச்சீங்களா? அகதி டீச்சர் தன்ட ஆக்களுக்காகக் கதை கட்டுறா எண்டு சொல்லுவாங்க. அங்கால உங்கட ஆக்கள், நாங்க அண்டைக்கே சொன்னோமே எண்டு எழும்புவாங்க. ரெண்டு பக்கமும் தேவையில்லாத பிரச்சினை. நானும்தான் மண்டபத்தில எழும்பிச் சொன்ன, பெட்டி பொய் சொல்லாது எண்டு. என்ட முகத்த நான் எங்க வெக்கிற?"

அவர் கெட்ட மனுசர் இல்லை. எனக்கு வேலை கிடைத்த புதிதில், என்னோடு யாரும் சேர்ந்து தேத்தண்ணி குடிக்காத நாட்களில், தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு ஊற்றித் தந்தவர் அவர்தான். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. சொன்னால் நான் ஒரு பக்கத்தவள் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால், ஏற்கெனவே ஒரு பக்கத்துக்குச் செய்துவிட்டவள். இரண்டு நாள் இந்த இரண்டுக்கும் நடுவில் அங்கும் இங்கும் நடந்தேன். மூன்றாம் நாள் லீவு போட்டேன். பெட்டியை ஒரு உரப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துப் பாடசாலைக்குப் போனேன். முதலில் மத்தியஸ்தரிடம் போகவேண்டும் என்றுதான் புறப்பட்டேன். கால் இங்கே வந்துவிட்டது.

இடைவேளை நேரம். அந்தப் பிள்ளையை அழைத்துவரச் சொன்னேன். விஞ்ஞான கூடத்தில், தண்ணீர் வராத குழாய்களுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வந்து சொல்லி என்ன டீச்சர்?" என்றாள்.

உரப்பையை மடித்து மேசையில் வைத்தேன்.

"நான்தான் முந்தி அமத்தினேன் எண்டு எனக்குத் தெரியும். அமத்தின நேரம் நல்லாத் தெரியும். பொறகு எல்லாரும் மெஷின் பொய் சொல்லாது எண்டாங்க. வாப்பாவும் சொன்னாரு, மெஷினுக்கு என்ன, உன்ட கைதான் பிந்தியிருக்கும் எண்டு. பொறகு எனக்கும் அப்படித்தான் இருக்குமெண்டு தோணிச்சு. ரெண்டு மாசமா அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன், என்ட கை ஸ்லோ எண்டு. வகுப்பில கேள்வி கேட்டா இப்ப நான் கை உசத்துறல்ல."

அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. கோபத்தில் மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது.

"இதப் போட்டுக் காட்டுங்க" என்றாள்.

பெட்டியைச் சுவரிலிருந்த பிளக்கில் செருகினேன். நான்காம் பொத்தானை அவளிடம் கொடுத்தேன். முதலாம் பொத்தான் என் கையில். "நீ அமத்து. உன்ட கையப் பார்த்துப் பின்னால நான் அமத்துறேன்" என்றேன்.

அவள் அமத்தினாள். நான் சற்றுப் பிந்திவிட்டேன். நாலு எரிந்தது. மறுபடி செய்தோம். நாலு. மூன்றாம் தடவை அவளுடைய விரல் அசையத் தொடங்கியதுமே நானும் அமத்தினேன். டக் என்று அவளுடைய பொத்தான் முதலில் கேட்டது, அதை ஒட்டி என்னுடையது. இரண்டு பேருக்கும் கேட்டது. பெட்டியில் எரிந்தது ஒன்று.

அவள் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "திரும்பச் செய்ங்க" என்றாள். திரும்பச் செய்தோம். ஒன்று. திரும்ப. ஒன்று. அதற்கடுத்ததில் நாலு. பிறகு மறுபடி ஒன்று. மணி அடித்து இடைவேளை முடிந்தும் அவள் போகவில்லை. பதினைந்து இருபது தடவை செய்திருப்போம். ஒவ்வொரு தடவை தவறாக எரியும்போதும், "பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று பெட்டியை விரலால் குத்திக் காட்டினாள், அது என்னவோ நான் நம்பாதவள் மாதிரி. கடைசியில் பொத்தானை மேசையில் வைத்தாள்.

"இத எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா டீச்சர்?"

"சொல்லுவேன்."

"எப்ப?"

அந்த 'எப்ப'வுக்குத்தான் பயந்தேன். "இண்டைக்கே போறேன்" என்று வாயில் வந்துவிட்டது. வந்ததால் போனேன்.

மத்தியஸ்தர் வீட்டில் முன் அறையில் உட்காரவைத்தார்கள். உட்கார முடியாமல் எழுந்து நின்றேன், அவர் வந்ததும் மறுபடி உட்கார்ந்தேன். சிப், துடிப்பு என்று சொல்லத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். வேறு மாதிரிச் சொன்னேன்.

"சேர், நீங்க கண்ண மூடிக்கொண்டு இரிக்கிறீங்க எண்டு வைங்க. அந்த நேரம் நாலாம் மேசை கை உசத்துது. பொறகு முதலாம் மேசையும் உசத்துது. பொறகு நீங்க கண்ணத் தெறக்கிறீங்க. ரெண்டு கை தெரியிது. ஆர் முந்தி எண்டு உங்களுக்குத் தெரியாது. ஆனா ஆராச்சும் ஒராளச் சொல்லியாகணும். பெட்டி ஒவ்வொரு முறையும் முதலாம் மேசையத்தான் சொல்லும். நான்தான் அப்படி எழுதிப் போட்டேன். தெரிஞ்சு எழுதல்ல."

"அப்ப அண்டைக்கு ஆர் முந்தி அமத்தின?"

"தெரியாது சேர். அந்தப் புள்ளதான் எண்டு நான் நெனக்கிறேன். ஆனா நான் கண்டது ஒரு மேசைய மட்டும்தான். இனி எப்படிப் பார்த்தாலும் கண்டுபுடிக்க ஏலாது."

உள்ளே யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

"நானும் பெட்டியத்தான் பார்த்தேன்" என்றார். "புள்ளையளப் பார்க்கல்ல. பார்க்கிறதுக்குத்தானே என்ன அங்க இருத்தினாங்க." பிறகு, "நீங்க எந்த ஊர் எண்டு ஆராவது கேட்டா?" என்றார்.

"கேப்பாங்க சேர்."

"அப்ப ரெண்டு ஸ்கூலுக்கும் கடிதத்த என்ட பேர்ல நான் எழுதுறேன். நீங்க என்ன பிழை எண்டு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கையொப்பம் வெச்சுத் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு பாடசாலைகளுக்கும் அனுப்பினார். பெட்டி பிழையாக அமைக்கப்பட்டிருந்தது, இறுதிக் கேள்வியில் முதலில் அமத்தியது யார் என்று உறுதியாகச் சொல்லமுடியாது, அன்றைய முடிவுக்குத் தானே பொறுப்பு என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கத்துப் பாடசாலையில் அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்தார்களாம். டவுன் பாடசாலையிலிருந்து பதில் வரவில்லை. கிண்ணம் அங்கேயே இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க எனக்கு எண்ணமும் இல்லை. அந்தப் பையனும் விடை தெரிந்துதான் சொன்னான்.

நானா சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. டவுனில் ஒரு பக்கம், அவள் தன் ஆக்களுக்காகச் செய்த வேலை என்றார்கள். எங்கள் பக்கத்தில், இவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தாளே என்றார்கள். இரண்டாவதைச் சொன்னவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை, அது உண்மை. நானா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். மேசைக்கு மேசை ஆறடி தூரம்தான். அந்த ஆறடிக்குள் மாதக்கணக்காக 'ஓம்', 'இல்ல' இரண்டும்தான் போய் வந்தன.

கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அந்தப் பெட்டியைத் திருத்தியிருக்கலாம். செக்கன் காட்டும் பகுதியைத் தனியாகப் பிரித்துவிட்டால் சிப் ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை கண் திறக்கும், பிழையும் போய்விடும். எந்த மாணவனும் அதைத்தான் செய்வான். ஆனால் பொத்தானை அமத்திய பிள்ளை தன் கண்ணாலேயே காணக்கூடிய ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. நடப்பது உள்ளே ஒளிந்திருக்கக்கூடாது. ரிலேக்குத் திரும்பினேன்.

நோய் வந்து மூடிப்போன இறால் பண்ணை ஒன்றின் பம்ப் பெட்டிகளைப் பழைய இரும்புக்காரர் ஒருவர் கழற்றிப் போட்டிருந்தார். அதற்குள் கண்ணாடி போன்ற மூடியுள்ள ரிலேக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வயர் இணைக்கப் பதினான்கு கால். உப்புக் காற்றில் கால்கள் பச்சை பிடித்திருந்தன. ஒரு டசின் அளவில் வாங்கிவந்து எலுமிச்சம்புளியும் பழைய பல் தூரிகையும் கொண்டு தேய்த்தேன். ஒவ்வொரு ரிலேயும் விழும்போது மற்ற மூன்றின் வழியை வெட்டும்படி வயர் போட்டேன். மூடி கண்ணாடியாக இருப்பதால் எந்தத் தகடு இழுபடுகிறது என்று வெளியிலிருந்தே தெரியும்.

முடித்த அன்று இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் ஒன்றாக அமத்தினேன். பெட்டி நடுங்கியது. இரண்டு ரிலேயும் ஒரே நேரத்தில் விழுந்து ஒன்றையொன்று வெட்டின. வெட்டியதால் இரண்டும் எழுந்தன. என் கை இன்னும் பொத்தானில் இருந்ததால் மறுபடி இரண்டும் விழுந்தன. கடகடவென்று, பல் நடுங்குகிற மாதிரி. இரண்டு விளக்கும் மங்கலாகத் துடித்தன. பிறகு திடீரென்று ஒன்று வென்று நின்றது, மற்றது அணைந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதங்களில் முதல் தடவை. கடிகாரம் இல்லாத பெட்டிக்கும் முடிவெடுக்க முடியாத ஒரு கணம் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், இது அதைச் சத்தமாகச் சொல்கிறது. மற்றது ஒரு சத்தமும் இல்லாமல் முதலாம் மேசைக்குக் கொடுத்துவிட்டு அழகாக எரிந்தது.

மத்தியஸ்தரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு பொத்தானையும் அவரே அமத்திப் பார்த்தார். கடகட என்றதும் கையை இழுத்துக்கொண்டார்.

"இப்படி வந்தா என்ன செய்ற?"

"அதச் சேர்தான் சொல்லணும். பெட்டியால ஏலாது."

அவர் யோசித்துச் சொன்னார்: "பெட்டி அடிச்சா ரெண்டு பேரும் ஒண்டாத்தான் அமத்தியிருக்காங்க. ரெண்டு பேரும் விடையத் தாள்ல எழுதித் தரட்டும். ரெண்டும் சரியெண்டா ரெண்டு பேருக்கும் புள்ளி."

அடுத்த வருடப் போட்டியில் அது ஒரே ஒரு தடவை நடந்தது. இரண்டாம் மேசையும் மூன்றாம் மேசையும். பெட்டி கடகடவென்று அடித்ததும் மண்டபம் முழுக்கச் சிரித்தது. மத்தியஸ்தர் கையை உயர்த்தி இரண்டு மேசைக்கும் தாள் கொடுத்தார். இரண்டு பேருமே பிழையாக எழுதியிருந்தார்கள். சிரிப்பு இன்னும் கூடியது. நானா அன்று என் பக்கத்தில் வந்து நின்றார். கேபிளைக் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "சத்தம் நல்லாத்தான் இரிக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் என் மேசையில் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி இருந்தது.

நான்காம் மேசைப் பிள்ளை அங்கே இல்லை. அவளுடைய குடும்பம் அந்த வருடத் தொடக்கத்தில் மன்னார்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. போவதற்கு முன் ஒரு நாள் பஸ் நிலையத்தில் கண்டேன். கையில் இரண்டு பெரிய பைகள். என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "டீச்சர், அங்க ஸ்கூல்ல சயன்ஸுக்கு ஆள் இல்லையாம், தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பஸ் வந்துவிட்டது. அவளுடைய உம்மா முதலில் ஏறி ஜன்னலால் பைகளை வாங்கிக்கொண்டார்.

ரிலேப் பெட்டி இன்றைக்கும் போட்டிக்குப் போகிறது. எல்லாரும் அதை நம்புகிறார்கள், எனக்குத்தான் நம்பிக்கை முழுதாக வருவதில்லை. ஒரு ரிலேயில் தகட்டைப் பின்னிழுக்கும் சுருள்வில் மற்றதைவிடச் சற்றுத் தளர்ந்திருந்தால் அது சற்று முந்தி விழும். யாருக்கும் தெரியாது, கடகட சத்தமும் வராது. அதனால் ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முந்தின கிழமை பெட்டியைத் திறக்கிறேன். ஒரே சுவிட்சிலிருந்து இரண்டு ரிலேக்கு ஒரே கணத்தில் மின்சாரம் கொடுத்து, எது வெல்கிறது என்று குறித்துவைக்கிறேன். இடம் மாற்றிப் போட்டு மறுபடி பார்க்கிறேன். ஒன்றே திரும்பத் திரும்ப வென்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போடுகிறேன். இதுவரை மூன்று மாற்றியாயிற்று. போன கிழமை இரண்டாம் மேசையினுடையது கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. நாளைக்கு மறுபடி பார்க்கவேண்டும்.